நம்ம பிரீமியரால் (மாகாண முதல்வரால்) ஒரு கைதியைக்கூட விடுவிக்க முடியாது, ஏன்?

நம் தென்னாப்பிரிக்காவின் முன்னாள் அதிபர் ஒருவர் காலையில் சிறைக்குப் போகிறார். இரண்டு மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிடுகிறார்! டர்பன் பக்கத்து இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் ஈஸ்டர் திருவிழா வரிசையே அதைவிட மெதுவாக நகரும்.

(திரையில்: எஸ்ட்கோர்ட் சிறை வாசல்)

2023 ஆகஸ்ட் 11. உள்ளே போனவர் ஜேக்கப் ஜூமா. நீதிமன்ற அவமதிப்புக்காக 15 மாதத் தண்டனை. மருத்துவக் காரணம் சொல்லி முன்பு வெளியே விட்டது செல்லாது என்று நீதிமன்றம் சொன்னதால் திரும்பி வந்தார். ஆனால் அதிபர் ராமபோசா ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளுக்குக் கொடுத்த தண்டனைக் குறைப்பில் அவரும் சேர்ந்துவிட்டார். சிறைகளில் இடநெருக்கடி, அதுதான் காரணம் என்றார்கள். நம்புவது உங்கள் இஷ்டம்.

சரி, இப்படி விடுவிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அமெரிக்காவில் பல மாநிலங்களில் ஆளுநரிடம். 2003 ஜனவரியில் பதவியை விட்டு இறங்கும் முன் இல்லினாய் ஆளுநர் ஜார்ஜ் ரயன், அங்கே மரண தண்டனைக்குக் காத்திருந்த எல்லோரையும் அதிலிருந்து காப்பாற்றிவிட்டார்.

தமிழ்நாட்டிலும் ஆளுநருக்கு இது உண்டு, அரசியலமைப்பின் 161-வது பிரிவு. ஆனால் அமைச்சரவை சொல்கிறபடிதான் அவர் நடக்க வேண்டும். பேரறிவாளன் உட்பட ராஜீவ் கொலை வழக்கின் ஏழு பேரையும் விடுவிக்கலாம் என்று 2018 செப்டம்பரில் அமைச்சரவை பரிந்துரைத்தது. கோப்பு இரண்டு வருடத்துக்கு மேல் ராஜ்பவனில் கிடந்தது. கையெழுத்தும் இல்லை, மாட்டேன் என்ற பதிலும் இல்லை. பிறகு குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார்கள். கடைசியில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமே பேரறிவாளனை விடுதலை செய்தது. மற்ற ஆறு பேருக்கு நவம்பர் வரை காத்திருப்பு.

நம் நாட்டில் மாகாணத்துக்கு இந்த வேலையே கிடையாது. குவாசூலு-நட்டால் பிரீமியர் நினைத்தாலும் முடியாது. நம் அரசியலமைப்பின் 84-வது பிரிவின்படி அதிபருக்கு மட்டும்தான்.

இப்போதுதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. ஓடிவிடாதீர்கள்!

1994. மண்டேலா பதவியேற்றது மே 10. ஜூன் மாதம் ஓர் உத்தரவு போட்டார்: பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் தாய்மார்களை விடுவிக்கலாம், கொடிய குற்றங்கள் நீங்கலாக. ஊரே பாராட்டியது. சிறையில் இருந்த ஒரு தகப்பன் மட்டும் கேட்டார்: “என் பிள்ளைக்கும் பன்னிரண்டு ஆகவில்லை, அவன் அம்மாவும் உயிரோடு இல்லை. நான் ஆண் என்பதால் உள்ளேயே இருக்கணுமா?”

வழக்கு நம்ம டர்பனில்தான் நடந்தது. மண்டேலாவை எதிர்த்து ஒரு கைதி! அதிலும் கைதி ஜெயித்தார். விஷயம் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது, 1997-இல் தீர்ப்பு. பாகுபாடு உண்மைதான், ஆனால் அநியாயமான பாகுபாடு இல்லை என்றது பெரும்பான்மை. அவர்கள் சொன்ன காரணம்: பிள்ளை வளர்க்கும் பாரம் பெரும்பாலும் தாய் தலையில்தான் விழுகிறது. தகப்பன்மார் அத்தனை பேரையும் விட்டால் ஏராளமான ஆண் கைதிகள் வெளியே வந்துவிடுவார்கள், ஜனங்கள் சும்மா இருப்பார்களா? தனியாக மனுப் போட வழி இருக்கிறதே.

நீதிபதி க்ரீக்லர் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளை வளர்ப்பது பெண்ணின் வேலை என்ற அந்தப் பழைய எண்ணம்தான் பெண்களைக் கீழே வைத்திருக்கிறது, சிலரை விடுவிப்பதற்காக அதை உறுதிப்படுத்தலாமா என்று கேட்டார். நான் க்ரீக்லர் கட்சி. எங்கள் வீட்டில் அம்மா மண்டேலா கட்சி, பேச்சே இல்லை! நீங்கள் எந்தப் பக்கம், கீழே எழுதுங்கள்.

அந்த வழக்கில் தகப்பன் தோற்றாலும் ஒரு விஷயம் நிலைத்தது: அதிபரின் மன்னிப்பையும் நீதிமன்றம் விசாரிக்கலாம். 2010-இல் அதே நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. அரசியல் காரணத்துக்காகக் குற்றம் செய்தவர்களுக்கான சிறப்பு மன்னிப்பில், பாதிக்கப்பட்டவர்களையும் கேட்டுவிட்டுத்தான் முடிவு எடுக்க வேண்டும் என்றது.

பழைய வழக்கு ஒன்றால் வேலை கிடைக்காமல் தவிப்பவர் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால் இதைச் சொல்லுங்கள்: பல சிறு குற்றங்களுக்கு, பத்து வருடம் கடந்திருந்தால், அதிபர் வரை போக வேண்டியதில்லை. பதிவை அழிக்கச் சொல்லி அரசின் நீதித் துறையிடமே (Department of Justice) விண்ணப்பிக்கலாம்.