ஆபீஸைப் பூட்டினப்புறமும் ஓடுற மீட்டர்

வணக்கம் மக்களே! போன ஏசி வீடியோவுக்கு வந்த கமெண்ட்ல பாதி ஒரே கேள்விதான்: "ஆபீஸ் ஏசியை 24 டிகிரில வெச்சுட்டோம், கரண்ட் பில் குறையலையே?" அட, ராத்திரி என்ன ஓடுதுன்னு பாத்தீங்களா? வாரத்துக்கு 168 மணி நேரம். திங்கள் முதல் வெள்ளி வரை காலைல 9ல இருந்து ராத்திரி 7 வரைக்கும் ஆபீஸ்னா வெறும் 50. மிச்சம் 118 மணி நேரம் ஆளே இல்ல, ஆனா மீட்டர் ஓடுது. எனக்கு ஆத்திரம் வர்ற இடம் இதுதான்.

கடைசி ஆள் கிளம்பும்போது ஈபி மீட்டர்ல கேடபிள்யூஎச், அதாவது யூனிட் ரீடிங்கை போன்ல படம் எடுங்க. டிஸ்ப்ளே மாறி மாறி ஓடும், கேவிஏஎச்னு வேற ஒரு கணக்கும் வரும், அதை எடுத்துடாதீங்க. காலைல முதல் ஆள் வந்ததும், எந்த சுவிட்சும் போடுறதுக்கு முன்னாடி இன்னொரு படம். வித்தியாசத்தை 14 மணி நேரத்தால வகுங்க. வித்தியாசம் 7 யூனிட்னா, ராத்திரி முழுக்க சராசரியா 500 வாட் ஓடியிருக்கு.

அதுல சர்வர், நெட்வொர்க் சுவிட்ச், சிசிடிவி டிவிஆர், பயோமெட்ரிக், யூபிஎஸ், இதெல்லாம் ஓடித்தான் ஆகணும், கை வெக்காதீங்க. மிச்சத்தைத் தேடுங்க. நான் முதல்ல போய் நிக்கிறது பேன்ட்ரில, தண்ணி கேனைக் கவுத்து வெக்கிற பபிள்டாப் டிஸ்பென்சர் முன்னாடி. எனக்குச் சுத்தமா பிடிக்காத மெஷின். ஹீட்டர் 500 வாட், கூலர் 100 வாட் மாதிரி இருக்கும். தண்ணி ஆற ஆற சூடு பண்ணும், பக்கத்துலயே இன்னொரு டேங்க்கை ஜில்லுனு வெக்கும். குடிக்க ஒரு ஆள் கிடையாது!

அது எவ்வளவு இழுக்குதுன்னு பாக்க, சாக்கெட்டுக்கும் மெஷினுக்கும் நடுவுல சொருகுற பிளக்-இன் பவர் மீட்டர் வேணும். ஆயிரம் ரூபாய்க்குள்ள கிடைக்குது, ரொம்பப் பிடிச்ச பொருள். ஆனா ஒரு வம்பு. நிறைய மீட்டர்ல 16 ஆம்ப் பெரிய பின். டிஸ்பென்சருக்குப் பக்கத்துல இருக்கிறது 6 ஆம்ப் சாக்கெட். உள்ளேயே போகாது! ஒரு கன்வர்ட்டர் பிளக் வாங்கணும். அதைப் போட்டுட்டு 2000 வாட் கெட்டிலைச் சொருகிடாதீங்க. அது கிட்டத்தட்ட 9 ஆம்ப் இழுக்கும், 6 ஆம்ப் சாக்கெட் உருகிடும். டிஸ்பென்சர் 3 ஆம்ப்புக்குள்ள, பயமில்ல. ஒரு ராத்திரி ரீடிங் போதாது, முழுசா 24 மணி நேரம் விடுங்க. ஹீட்டர் விட்டு விட்டு ஓடும், அந்த நிமிஷத்து வாட்டைப் பார்த்தா ஏமாந்துடுவீங்க.

அப்புறம் டிஸ்பென்சரைத் தானா ஆன், ஆஃப் பண்ண ஒரு டைமர். காலைல 8 மணிக்கு ஆன், சாயங்காலம் 6:30க்கு ஆஃப். சூடு 20 நிமிஷத்துல வந்துடும், ஜில்லுக்குத்தான் அந்த ஒரு மணி நேரம்.

ஐயோ, ஈபி மீட்டர் விஷயத்துல முக்கியமானதை விட்டுட்டேன்! பெரிய ஆபீஸ்ல சிடி, அதாவது கரண்ட்டைச் சின்னதாக்கி மீட்டருக்குக் கொடுக்கிற கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் வெச்ச மீட்டர் இருக்கும். அங்க வர்ற வித்தியாசத்தை எம்எஃப் (மல்டிப்ளையிங் ஃபேக்டர்)னு போட்டிருக்கிற எண்ணால பெருக்கணும். விட்டுட்டா "ஒரு யூனிட்தான் ஓடுது"ன்னு சந்தோஷப்பட்டுட்டு இருப்பீங்க. காம்ப்ளெக்ஸ்ல இருக்கிறவங்க பில்லுல இருக்கிற சர்வீஸ் நம்பரை மீட்டர்ல இருக்கிறதோட ஒத்துப் பாருங்க, பக்கத்து ஆபீஸ் மீட்டரா இருக்கப் போகுது.

கம்ப்யூட்டருக்கு ஸ்கிரீன்சேவர் வேணவே வேணாம், ஒரு வாட் கூட மிச்சமாகாது. 5 நிமிஷத்துல மானிட்டர் ஆஃப், 20 நிமிஷத்துல ஸ்லீப். ஏசியை ரிமோட்ல அணைச்சுட்டு, அப்புறம் ஸ்டெபிலைசர் சுவிட்சையும் அணைங்க. டாய்லெட் எக்ஸாஸ்ட் ஃபேனையும் பாத்துடுங்க.

டைமர் வாங்கும்போது, சுத்திச் சுத்தி பின் அழுத்துற மெக்கானிக்கல் வேணாம். விலை கம்மிதான். ஆனா ஒரு மணி நேரம் கரண்ட் போச்சுன்னா அதோட கடிகாரமும் ஒரு மணி நேரம் பின்னாடி போயிடும். 8க்கு ஆன் ஆக வேண்டியது 9க்கு ஆகும், காபிக்குத் தண்ணி சூடா இல்லன்னு யாராவது டைமரையே பிடுங்கிப் போட்டுடுவாங்க. உள்ளே பேட்டரி இருக்கிற டிஜிட்டல் வாங்குங்க. இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமும் திங்கக்கிழமை காலைலயும் ரீடிங் எடுத்துட்டு, வித்தியாசத்தை 62ஆல வகுத்து கீழ போடுங்க.