போர்வை ஓரப்பட்டி: மூலையை மடித்து முடிக்கும் முறை

[காட்சி: மேசைமீது விரித்த போர்வை. ஒரு மூலை அண்மையில் தெரிகிறது.]

வணக்கம். மேல்துணி, நடுப் பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றையும் இணைத்துத் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைக்கு ஓரப்பட்டி அடிக்கும்போது, நேர் ஓரங்களில் பெரிய சிரமம் எதுவும் வருவதில்லை. நான்கு மூலைகளில்தான் பட்டி புடைத்துக்கொண்டோ தொய்ந்துபோயோ நிற்கிறது. அதைப் பிறகு கைத்தையலில் சரிக்கட்டிவிடலாம் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் மூலை கூராக அமையுமா என்பது, இயந்திரத் தையலை எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது.

ஏற்காட்டு மார்கழிக் குளிருக்கென்று தைத்த இந்தப் போர்வைக்குச் சேலம் கைத்தறிப் பருத்தியையே பட்டியாக எடுத்திருக்கிறோம். புதுப் பருத்தி முதல் சலவையில் சுருங்கும் என்பதால், நனைத்து உலர்த்தி இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். பாவு வாக்கில், அதாவது துணியின் நீள இழை வாக்கில், வெட்டிய பட்டி விறைப்பாக நிற்கும். ஊடை வாக்கில், அதாவது குறுக்கு இழை வாக்கில், வெட்டியது சற்றே நெகிழ்ந்து கொடுப்பதால் மூலைக்கு அதுவே ஏற்றது. கல்யாண வேட்டியில் மிஞ்சிய வெண்பட்டைப் பட்டியாக்கலாமே என்ற ஆசை சேலத்து வீடுகளில் எழக்கூடியதுதான். பட்டு ஊசியின் கீழ் வழுக்கும், வெட்டிய ஓரம் பிரிந்துவரும், அடிக்கடி துவைக்கவும் தாங்காது. அந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது.

இரண்டே கால் அங்குல அகலப் பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து, அதன் வெட்டோரமும் போர்வையின் வெட்டோரமும் ஒட்டியிருக்குமாறு முகப்பில் வைத்து, கால் அங்குலம் உள்ளே தள்ளித் தைக்கிறோம். தொடக்கம் ஒரு பக்கத்தின் நடுவில் இருக்கட்டும்.

[காட்சி: மூலையை நெருங்கும் ஊசி. சாக்கினால் வைத்த புள்ளி.]

அடுத்த ஓரத்துக்குக் கால் அங்குலம் இருக்கும்போதே தையல் நின்றுவிட வேண்டும். கண்ணளவை நம்பாமல் அந்த இடத்தில் சாக்கினால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஊசி புள்ளியில் இறங்கியதும் இரண்டு மூன்று தையல் பின்னோக்கிப் போட்டு நூலை அறுத்து, தைத்து முடித்த பக்கம் மேலே வருமாறு போர்வையைத் திருப்புங்கள். இப்போது பட்டியை மேல்நோக்கி மடித்தால் 45 பாகைச் சாய்வில் ஒரு மடிப்பு விழும். பட்டியின் வெட்டோரம், இனித் தைக்க வேண்டிய பக்கத்தின் வெட்டோரத்தோடு ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். சாய்மடிப்பை விரலால் அழுத்திப் பிடித்தபடியே பட்டியைக் கீழே இறக்குங்கள். மேலே புதிதாக விழும் மடிப்பு, தைத்து முடித்த பக்கத்தின் ஓரத்தோடு சமமாக இருந்தால், அந்த மடிப்பிலிருந்தே அடுத்த தையலைத் தொடங்கலாம்.

[காட்சி: விரல் நுனியில் புரளும் முக்கோணத் துணி.]

இரண்டு தையல் கோடுகளும் அந்தப் புள்ளியில் சந்திப்பதால், எதிலும் மாட்டாத முக்கோணத் துணி ஒன்று தளர்வாக நிற்கிறது. மூலையைச் சுற்றிப் போக வேண்டிய துணி அதுதான். முதல் தையல் புள்ளியைத் தாண்டிப் போயிருந்தால் அது தையலுக்குள் சிக்கிக்கொண்டு புரள மறுக்கும்; முன்பே நின்றிருந்தால் மூலையில் பொந்து விழும். எள்ளளவு பிசகினாலும் வெளியே தெரிந்துவிடும் என்பதால், இந்த இரண்டில் எது நேர்ந்தாலும் தையலைப் பிரித்து மீண்டும் தைப்பதே வழி.

மூலையின் தடிமனைக் குறைக்கிறோம் என்று உள்ளே இருக்கும் பஞ்சைத் தாராளமாக வெட்டிவிடாதீர்கள். பட்டி வெறும் கூடாகத் தொங்கும். நுனியை மட்டும் மிகச் சிறிதாகச் சாய்த்துக் கத்தரித்தால் போதும்.

பட்டியைப் பின்புறம் திருப்பினால் முகப்பில் சாய்மடிப்பு தானாகவே விழுந்துவிடும். பின்புறத்தில் நாம்தான் ஒரு பக்கத்தை முதலில் படியவைத்து, மறுபக்கத்தை அதன்மேல் மடிக்க வேண்டும். எதை முதலில் மடிப்பது என்ற ஐயத்துக்கு விடை முகப்பிலேயே இருக்கிறது. உள்ளிருக்கும் முக்கோணம் எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது என்று தடவிப் பார்த்து, பின்புற மடிப்பு அதற்கு எதிர்ப் பக்கம் படியுமாறு மடியுங்கள். துணியின் தடிமன் இருபுறமும் பிரிந்துவிடும். மலையில் மூடுபனி இறங்கிய நாள்களில் துவைத்த போர்வை காய்வதே பெரும்பாடு, அதிலும் தடித்த மூலைகளே கடைசியாகக் காயும் என்பதால், இது அழகுக்காக மட்டும் சொல்வதன்று.

[காட்சி: கைத்தையல், மிக அண்மையில்.]

இயந்திரத்திலேயே முடிப்பவர்களும் உண்டு. விரைவுதான், ஆனால் பின்புறத் தையல் பட்டியை விட்டு விலகி ஓடுவது பெரும்பாலும் மூலையில்தான் என்பதால், கைத்தையலையே பரிந்துரைக்கிறோம். அடித்துணியில் ஒன்றிரண்டு இழைகளை மட்டும் அள்ளி, ஊசியைப் பட்டியின் மடிப்புக்குள் செலுத்தி, முகப்பில் தெரியாமல் தைத்து வாருங்கள். மூலைக்கு வந்ததும் சாய்மடிப்பின் மீது மூன்று நான்கு நுண்தையல் போட்டு, ஊசியை ஊடாகக் குத்தி முகப்புக்குக் கொண்டுவந்து, அங்குள்ள சாய்மடிப்பையும் அதேபோல் மூடிவிட்டுப் பின்புறம் திரும்புங்கள். நூல் தீரும் நிலையில் இருந்தாலும் மூலையில் முடிச்சிட வேண்டாம். ஓர் அங்குலமாவது தாண்டிய பிறகு முடிச்சிட்டு, அதைப் பஞ்சுக்குள் இழுத்து மறைத்துவிடுங்கள்.