கட்டிலைக் கழுவிக் குடிக்கச் சொன்ன தம்பிக்கு

நடுவர் அவர்களே, இரண்டு அணியினரே, கோயில் கமிட்டியாரே, இந்தக் குளிரிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாமார், ஐயாமார், எல்லோருக்கும் வணக்கம். வணக்கத்துக்கு இவ்வளவு போதும். எனக்குத் தந்தது பத்து நிமிடம், முன்னால் பேசியவர் அதிலும் இரண்டைச் சாப்பிட்டுவிட்டார்.

"சீனி வியாதியை அடக்கப் பெரிதும் துணை நிற்பது வெதமாத்தயாவின் கஷாயமா, கிளினிக் மாத்திரையா?" இதுதான் தலைப்பு. வெதமாத்தயா என்றால் சிங்கள நாட்டு வைத்தியர். எனக்குக் கஷாயம் விழுந்திருக்கிறது. சீட்டுக் குலுக்கித்தான் கொடுத்தார்கள். மாத்திரை விழுந்திருந்தால் மாத்திரைக்குப் பேசியிருப்பேன், அது வேறு கதை.

எதிரணித் தம்பி ஹட்டன் டவுனில் ஒரு பாமசியில் நிற்கிறவர். சற்று முன் என்ன சொன்னார்? "கொத்தல ஹிம்புட்டு கட்டையில் கோப்பை கடைந்து, ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்து, விடிந்ததும் குடித்தால் சீனி இறங்குமாம். அப்படியென்றால் வீட்டுக் கட்டிலைக் கழுவி அந்தத் தண்ணீரைக் குடித்தால் போதாதா?" நீங்களும் கைதட்டினீர்கள். பின்வரிசையில் விசில் வேறு. எங்கள் சித்தப்பாகூடத் தட்டினார். பார்த்தேன் சித்தப்பா, வீட்டில் பேசிக்கொள்வோம்.

தம்பி, உங்கள் கட்டில் என்ன மரம்? எங்கள் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, கட்டில் சவுக்கு. அதைக் கழுவிக் குடித்தால் மூட்டைப்பூச்சிதான் உள்ளே போகும். கொத்தல ஹிம்புட்டு மரமே இல்லை, காட்டில் ஏறிப் படரும் பெருங்கொடி. சித்த வைத்தியர்கள் அதைக் கடலழிஞ்சில் என்பார்கள். அந்தக் கோப்பையில் ஊறிய தண்ணீர் காலையில் சாயத்தண்ணி மாதிரி, அதாவது பால் விடாத தேத்தண்ணி மாதிரி, சிவந்து நிற்கும். அந்தச் சாயத்துக்குள் என்ன இருக்கிறது என்று நாம் தேடாவிட்டாலும் ஜப்பான்காரன் தேடினான். 1997இல் சலாசினோல் என்ற பொருளைப் பிரித்தெடுத்துப் பெயரும் வைத்தான். நாம் தின்கிற மாச்சத்தைக் குடலில் சீனியாக உடைக்கிற நொதி ஒன்று இருக்கிறதே, அதன் கையைப் பிடித்துக்கொண்டு "மெல்லப் போ" என்கிற சரக்கு அது. நம் நாட்டிலும் சீனி வியாதிக்காரர்கள் 51 பேருக்கு ஹிம்புட்டு தேத்தண்ணியை மூன்று மாதமும், அதே மாதிரி தோன்றும் வெறும் தேத்தண்ணியை மூன்று மாதமும் மாற்றிக் கொடுத்துப் பார்த்து, 2005இல் எழுதி வெளியிட்டார்கள். ஹிம்புட்டு குடித்த மாதங்களில், இரண்டு மூன்று மாதச் சீனிச் சராசரியைக் காட்டுகிற ஹெச்பிஏ1சி இறங்கியிருந்தது. கட்டிலை யாரும் அப்படிச் சோதித்ததாக நான் கேள்விப்படவில்லை.

இன்னொன்று. தம்பி, நீங்கள் அட்டை அட்டையாக எண்ணிக் கொடுக்கிறீர்களே மெட்போமின். (நம்ம மலையில் அட்டை என்றால் வேறு, அது காலில் ஏறும்.) அதன் பூர்வீகம் தெரியுமா? ஐரோப்பாவில் கலேகா என்றொரு செடி. அங்கத்தைய நாட்டு வைத்தியர்கள் கையாண்ட பச்சிலை. அதிலிருந்த சரக்கின் வழியில் போய்த்தான், 1957இல் பாரிஸில் ஜான் ஸ்டெர்ன் என்ற டாக்டர் மெட்போமினைச் சீனி வியாதிக்கு எடுத்துவந்தார். ஆகவே நீங்கள் கடையில் விற்பது எங்கள் அணியின் பேரப்பிள்ளையை. பேரன் கோட்டுப் போட்டிருக்கிறான் என்பதற்காகப் பாட்டியைக் கட்டில் என்று சொல்லலாமா?

சரி, கோப்பைக்கு வருவோம். எங்கள் மாமனார் கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

மாமா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்து ஓய்வு பெற்றவர். தேயிலைத் தூசியிலேயே வளர்ந்த மனிதர், தேத்தண்ணி இல்லாமல் பேச்சு வராது. அதுவும் நம்ம முறையில்: ஒரு கையில் கோப்பை, மறு உள்ளங்கையில் சீனி. ஒரு மிடறு, ஒரு நக்கு. வெறும் வயிற்றில் பாஸ்டிங் சீனி பார்த்தால் 210. கிளினிக் மாத்திரையோடு கீழே சிங்களக் கிராமத்து வெதமாத்தயாவிடமும் கூட்டிப்போனோம். அவர் முதலில் கேட்டதே, "என்ன மாத்திரை போடுகிறீர்கள், காட்டுங்கள்" என்றுதான். இரண்டும் சேர்ந்து சீனியை ஒரேயடியாகக் கீழே தள்ளிவிடக் கூடாதாம். "மாத்திரையை நிறுத்தக் கூடாது, மாதாமாதம் இரத்தம் பார்க்க வேண்டும்" என்று சொல்லித்தான் இந்தக் கோப்பையைக் கொடுத்தார்.

அடுத்த மாதம் 280.

மாமாவுக்கு வந்தது கோபம். கோப்பையைத் துண்டில் கட்டிக்கொண்டு மலையிறங்கிப் போனார். நானும் பின்னால். "ஐயா, உங்க கோப்பை வேலை செய்யல. நான் இதில தவிர வேற எதிலயும் குடிக்கிறதே இல்ல." வெதமாத்தயா துண்டை அவிழ்த்தார். கோப்பைக்குள்ளிருந்து ஒன்று, இரண்டு, அப்புறம் ஒரு வரிசை. எறும்பு!

விஷயம் இதுதான். காலையில் அந்தச் சிவந்த தண்ணீரைப் பார்த்த மாமா, "இதுவும் சாயத்தண்ணிதானே, அதுவும் சாயத்தண்ணிதானே" என்று கணக்குப் போட்டிருக்கிறார். கோப்பைக்குச் சீனியை அடிக்கிற சக்தி இருக்கும்போது தண்ணீரை எதற்கு வீணாக்குவது? சுடச்சுடத் தேத்தண்ணி, மூன்று கரண்டி சீனி, நேரே ஹிம்புட்டு கோப்பைக்குள். உள்ளங்கைச் சீனி வழக்கம்போல, அது தனி. கோப்பை பார்த்துக்கொள்ளும் என்று நம்பிவிட்டார்.

இது மாமா சொன்ன கணக்கு. மாமியின் கணக்கு வேறு. மூன்று கரண்டி இல்லையாம், நாலாம். ஒரு நாள் கோப்பைக்குக் காய்ச்சலாக இருக்கும் என்று சொல்லி வெயிலில் காய வைத்து, அன்றைக்கு இரண்டு தரம் குடித்தாராம். நான் சொல்லவில்லை, மாமி சொன்னது. மாமி அதோ இருக்கிறார். சிரிக்காதீர்கள் மாமி, மைக்கில் விழும்.

வெதமாத்தயா ஏசவில்லை. எறும்பை ஊதித் தள்ளிவிட்டு, "எங்களுக்கு ஆதி காலத்திலிருந்து இவங்கதான் லேப்" என்றார். உண்மைதான். இனிப்புச் சிறுநீரை எறும்பு மொய்க்கும் என்று கண்டுபிடித்தே மதுமேகம் என்று பெயர் வைத்த மருத்துவம் ஆயுர்வேதம். பிரமேகம் என்ற சிறுநீர் நோய்களை 20 வகையாகப் பிரித்து எழுதியது. கையில் காசில்லாத நோயாளிக்கு அந்தக் கால ஆயுர்வேத ஆசான் சுசுருதர் எழுதிய வைத்தியம் என்ன தெரியுமா? செருப்பில்லாமல், குடையில்லாமல் நூறு யோசனை தூரம் நட. இல்லாவிட்டால் கிணறு வெட்டு. நம்ம அம்மாமார் முதுகில் கூடையோடு செய்கிற வேலை. அப்புறமும் ஏன் சீனி வருகிறது என்று கேட்டால், மூன்று வேளையும் கோதுமை மா ரொட்டி, மலையில் நிற்கும்போது இனிப்புத் தேத்தண்ணி. இதை எதிரணி டீச்சர் ஏற்கெனவே நன்றாகச் சொல்லிவிட்டார், நான் தொடவில்லை.

நடுவர் மணியைத் தடவுகிறார். இரண்டே நிமிடம் ஐயா. சிரித்தது போதும், ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

எங்கள் அம்மாவுக்கும் சீனிதான். முப்பத்தொரு வருடம் கொழுந்து எடுத்தவர். விடியற்காலை முதல் பஸ்ஸில் போய்க் கிளினிக் வரிசையில் உட்கார்ந்தால் முறை வரப் பகலாகிவிடும். அங்கே எல்லோருக்கும் அவசரம். கொப்பியைப் பார்ப்பார்கள், எழுதுவார்கள், அடுத்த ஆள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவ்வளவு கூட்டம்.

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய ஒரு மாதம், வெட்டிப் போட்ட மிலாறுக் குச்சிகளைப் பொறுக்கிவிட்டு அம்மா வந்தார். கால் லேசாக வீங்கியிருந்தது. வலிக்குதா என்றால் இல்லை என்றார். வலிக்கவில்லை என்றால் நல்லதுதானே என்று நானும் விட்டுவிட்டேன். படித்தவன் நான். கஷாயம் வாங்கப் போன அன்று அந்தக் கிழவர் நாடியைப் பிடித்துவிட்டு, "அம்மா, காலை இப்படி வையுங்க" என்று தன் மடியில் துணி விரித்தார். அம்மா கூச்சப்பட்டுக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். சேறும் வெடிப்புமாக இருக்கிற கால். கிழவரே குனிந்து எடுத்து வைத்து, ஈரத்துணியால் துடைத்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தார். பெருவிரலுக்குக் கீழே மிலாறுக் குச்சி ஒன்று, அரை அங்குலம், உள்ளே. சுற்றிலும் கறுத்திருந்தது. எத்தனை நாளாக என்று அம்மாவுக்கே தெரியாது. கிழவர் ஊசியால் மெல்லக் குத்தி, "தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கணுக்கால் வரைக்கும் அம்மா "இல்லை, இல்லை" என்றுதான் சொன்னார்.

"இதுக்கு என்கிட்ட மருந்து இல்ல. இப்பவே ஆஸ்பத்திரி" என்றார் கிழவர். கஷாயத்துக்குக் கொண்டுபோன காசை வாங்கவில்லை, முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கச் சொன்னார்.

ஒரு விரல் போனது. கால் தப்பியது. டீச்சர், நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், எனக்கே தெரிகிறது. காலைக் காப்பாற்றியது ஆஸ்பத்திரிதான். அந்தப் புள்ளியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எங்கள் அம்மாவின் காலை மடியில் தூக்கி வைத்துப் பார்த்த மனிதர் எந்த அணி என்று கேட்டால், நான் இந்தப் பக்கத்துக் கதிரையில்தான் உட்காருவேன்.

மணி அடிக்க வேண்டாம் ஐயா, இறங்கிவிட்டேன். அம்மா மூன்றாவது வரிசையில் இருக்கிறார். லயத்துப் படி ஈரமாக இருக்கும், டோர்ச் என் கையில்தான் இருக்கிறது.