மண்டோர் கத்தினால் நாய் குரைக்கும்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் பேசியது)

தலைவர் ஐயாவுக்கும், பெரியவர்களுக்கும், பின்வரிசையில் நாசி லெமாக் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கும் தம்பிகளுக்கும் வணக்கம். நான் டாக்டர் இல்லை. முப்பது வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிறந்தது பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்.

யாருக்காவது வாதம், அதாவது ஸ்ட்ரோக், வந்தால் நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு: "அவங்க குடும்பத்து ரத்தத்திலேயே இருக்கு." 2011-ல் என் அப்பா விழுந்தபோதும் அதையேதான் சொன்னார்கள். காலையில் தே ஓ குடித்துக்கொண்டிருந்தார். கிளாஸ் சாய்ந்தது. தேத்தண்ணி வலது பக்க வாயோரம் வழிந்து சட்டையை நனைத்தது. அவருக்கு அது தெரியவில்லை. காற்று அடித்திருக்கும் என்று எண்ணெய் போட்டு உருவினோம். ஆஸ்பத்திரிக்குப் போனபோது மாலை ஆகிவிட்டது.

சரி, ரத்தத்தில் அப்படி என்ன இருக்கிறது? காயம் பட்ட இடம் சிவந்து, சூடேறி, வீங்குமே, அதுதான் அழற்சி. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் சுவரில் கொழுப்பு படிந்தால் அங்கேயும் இதே கூத்து நடக்கும். படிவு ஒருநாள் கிழியும், அதன்மேல் ரத்தம் உறையும், குழாய் அடைக்கும்.

அழற்சி இருந்தால் கல்லீரல் சிஆர்பி என்ற புரதத்தை ரத்தத்தில் விடும். 1930-ல் நிமோனியா நோயாளிகளிடம் கண்டுபிடித்தது. இது கூடுதலாக இருப்பவர்களுக்கு வாதமும் கூடுதலாக வருகிறது. அதனால் சிஆர்பிதான் குற்றவாளி என்று பலர் நினைத்தார்கள். தினமும் அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட நானும்தான்.

மரபணு இந்த வழக்கை வேறு மாதிரி விசாரித்தது. சிலர் பிறவியிலேயே கொஞ்சம் அதிகமாக சிஆர்பி சுரக்கும் மரபணுவோடு பிறக்கிறார்கள். புகை, தொப்பை எதற்கும் அதில் பங்கில்லை, அம்மா அப்பாவிடமிருந்து விழுந்த சீட்டு அது. சிஆர்பி குற்றவாளி என்றால் அவர்களுக்கு வாதம் அதிகம் வர வேண்டும் அல்லவா? டென்மார்க்கில் 50 ஆயிரம் பேருக்கு மேல் பார்த்து 2008-ல் சொன்னார்கள்: வரவில்லை.

மண்டோர், அதாவது தோட்டத்துக் கங்காணி, கத்தும்போதெல்லாம் நாய் குரைக்கும். நாயின் வாயைக் கட்டினால் மண்டோர் அடங்குவாரா?

இங்கே நாய் சிஆர்பி, மண்டோர் இன்டர்லூக்கின்-6 என்ற இன்னொரு புரதம். சிஆர்பி சுரக்கச் சொல்லிக் கல்லீரலுக்கு உத்தரவு போடுவது இதுதான். அந்த உத்தரவைக் கேட்கும் 'காது' சிலருக்குப் பிறவியிலேயே கொஞ்சம் மந்தம். அவர்களுக்கு சிஆர்பியும் குறைவு, மாரடைப்பும் குறைவு என்று 2012-ல் தெரிந்தது. குழாய் அடைப்பால் வரும் வாதமும் குறைவு என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின.

அப்படியானால் மண்டோர்களை ஒரேயடியாக அடக்கிவிடலாமே? இன்டர்லூக்கின்-1 பீட்டா என்று இன்னொரு பெரிய மண்டோர். அதை அடக்கும் ஊசியை மாரடைப்பு வந்த 10 ஆயிரம் பேரிடம் சோதித்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. மாரடைப்பு, வாதம், இதய நோய்ச் சாவு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் குறைந்தது. ஆனால் கிருமித் தொற்றில் இறந்தவர்கள் கூடினார்கள். மண்டோர் இல்லாமல் தோட்டம் ஓடாது, தெரிந்த கதைதானே!

இன்னொன்று. இந்த மரபணு ஆய்வுகளில் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் ரத்தம்தான். நம் லயத்து ரத்தம் அதில் குறைவு. எனக்கு அது ஒரு குறைதான்.

முன்வரிசை அக்கா ஒருவர், "அப்போ அந்த ஜீனைச் சோதிச்சுப் பார்த்துடலாமா?" என்று கேட்கிறார். வேண்டாம் அக்கா. ஒரு மரபணு மாற்றம் ஆபத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கொஞ்சம்தான். 32 நாடுகளில் நடந்த ஆய்வு 2016-ல் வந்தது. பத்து வாதத்தில் ஒன்பதுக்கு, நாம் மாற்றக்கூடிய பத்துக் காரணங்களே கணக்குச் சொல்லின. முதலில் நிற்பது ரத்தக் கொதிப்பு. அப்புறம் புகை, இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய், சாப்பாடு, உட்கார்ந்தே கிடப்பது எல்லாம் வரும். அப்பாவுக்குக் கொதிப்பு இருந்தது. மாத்திரையைத் தீபாவளிக்கு முன்பே நிறுத்தியிருந்தார். குடும்ப ரத்தம் என்று பழி போட்டவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை, நான் உட்பட.

உறைவைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நாங்கள் உருவிக்கொண்டிருந்த நேரம் அது. வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் எண்ணெயைத் தேடாதீர்கள், 999-ஐக் கூப்பிடுங்கள்.

வாசல் பக்க மேசையில் பிரஷர் பார்க்கும் மெஷின் இருக்கிறது. அக்கா, நீங்கள்தான் முதல் ஆள். வளையலைக் கொஞ்சம் மேலே தள்ளிக்கொள்ளுங்கள்.