இன்னும் 5 நிமிஷம்

[காட்சி: காலியான பள்ளித் திடல். கொடிக்கம்பம். வெயில்.]

நான் ஆறாம் ஆண்டு படித்தபோது மாணவர் தலைவன். கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப்பள்ளி, பெயர் வேண்டாம். வீட்டுப்பாடம் செய்யாத நாலு பிள்ளைகளைத் திடலில் நிற்கவைத்துக் காவல் காக்கச் சொன்னார் ஒரு சார். காலை பத்தரை மணி. “இன்னும் 5 நிமிஷம்” என்று மாடியிலிருந்து கையை விரித்துக் காட்டுவார். அது முடிந்ததும் மறுபடி ஐந்து விரல். இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி, “அண்ணே, தலை சுத்துது” என்றாள்.

“சார் இன்னும் சொல்லலையே” என்றேன். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

[காட்சி: 30 விசைகள் கொண்ட பெட்டி, கோட்டோவியமாக.]

1961, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம். நினைவாற்றல் ஆய்வு என்று விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்தார் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர். வந்தவர் ‘ஆசிரியர்’, பக்கத்து அறையில் ‘மாணவர்’. பதில் தப்பானால் விசையைத் தட்டி மின்சாரம் பாய்ச்ச வேண்டும். முதல் விசை 15 வோல்ட், பிறகு 15 வோல்ட்டாகக் கூடி, கடைசியில் 450. உண்மையில் மின்சாரம் பாயவில்லை, மாணவர் நடிக்கிறார். தட்டுபவரிடம் அதைச் சொல்லவில்லை.

300 வோல்ட்டில் மாணவர் சுவரை இடிப்பார். இன்னொரு முறை இடிப்பார். அப்புறம் சத்தமே வராது.

40 பேரில் 26 பேர் 450 வரை போனார்கள். வியர்த்து, திக்கி, உதட்டைக் கடித்துக்கொண்டுதான் போனார்கள். எல்லாரும் மின்சாரத்தை நிஜமென்று நம்பினார்களா என்ற கேள்வி பின்னால் எழுந்தது. சரி, அந்த வியர்வை?

படிகள் சின்னவை. 285ஐத் தட்டியவர் 300ஐ மறுத்தால், 285ஐ மட்டும் ஏன் தட்டினேன் என்று தன்னையே கேட்க வேண்டிவரும். எனக்கும் அந்த ஐந்து விரல் அப்படித்தான்.

[காட்சி: சாம்பல் நிறக் கோட்டு அணிந்தவர், கையில் குறிப்பேடு.]

தயங்கியவர்களிடம் சொல்ல, சோதனையை நடத்திய அதிகாரியிடம் நாலு வாக்கியங்கள் தயாராக இருந்தன. “தயவுசெய்து தொடருங்கள்” என்பதில் தொடங்கி, “உங்களுக்கு வேறு வழியில்லை” என்பதில் முடியும். பல வருடம் கழித்து ஜெர்ரி பர்கர் என்பவர் இதே சோதனையை 150 வோல்ட்டோடு நிறுத்தி நடத்தினார். அந்த நாலாவது வாக்கியத்தைக் கேட்ட பிறகு அங்கே ஒருவர்கூடத் தொடரவில்லை. ‘ஆய்வுக்கு இது தேவை’ என்றால் தலையாட்டுகிறவர்கள், அப்பட்டமாக அதட்டினால் முறுக்கிக்கொள்கிறார்கள்.

மில்கிராம் இன்னொன்றும் செய்து பார்த்தார். அதிகாரி அறையை விட்டு வெளியேறி, தொலைபேசியில் உத்தரவிட்டார். கடைசிவரை போனவர்கள் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தார்கள். சிலர் சின்ன விசையைத் தட்டிவிட்டு, “கூட்டிவிட்டேன்” என்று பொய் சொன்னார்கள். இந்தப் பொய்யர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்னொரு முறை, கூட ‘ஆசிரியர்களாக’ உட்கார்ந்த இரண்டு பேர் ‘முடியாது’ என்று எழுந்தபோது? 40 பேரில் 4 பேர்தான் முடிவுவரை தட்டினார்கள்.

[காட்சி: மறுபடியும் திடல்.]

எங்கள் திடலிலும் இன்னொரு மாணவர் தலைவன் நின்றான். அவன் மாடியைப் பார்க்கவேயில்லை. அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சிற்றுண்டிச்சாலைப் பக்கம் நடந்தான். மற்ற மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு நானும் பின்னால் போனேன். சார் இன்னும் விரலைக் காட்டிக்கொண்டிருந்தாரா, தெரியாது. நான் திரும்பவில்லை.