புதுச்சேரியில் பழைய வீடு வாங்கப் போகிறீர்களா? தூண்களைப் பார்த்தது போதும், வாரிசுகளை எண்ணுங்கள்

வணக்கம் நண்பர்களே. இப்போது புதுச்சேரி வைசியாள் வீதியில் நிற்கிறேன். கல்வே சுப்பராய செட்டி வீதி என்றும் சொல்வார்கள். கேமராவைத் திருப்புகிறேன், தாழ்வாரங்கள் வரிசை பிடித்து நிற்பதைப் பாருங்கள். இந்தத் தெருவைச் சீரமைத்ததற்காக 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. வீடு கேட்டு இங்கே அலைபவர்களுக்கும் பஞ்சமில்லை. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரத்தில் வாங்க வசதி போதாதவர்கள் மேற்கே தமிழர் பகுதிக்கு வருகிறார்கள். என்னைக் கேட்டால் மேற்கேதான் நல்ல வீடுகள் இருக்கின்றன. கீழே திண்ணையும் முற்றமும், மேலே பிரெஞ்சு பாணித் தூண்களும் வளைவுகளும் என்று இரண்டு ஊர் ஒரே வீட்டில் குடியிருக்கும்.

தரகர் முதலில் வயதைச் சொல்வார். "முந்நூறு வருடத்து வீடு சார்." நம்பிவிடாதீர்கள். 1761-இல் ஆங்கிலேயர்கள் இந்த நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் 1765-க்குப் பிறகு மறுபடி எழுந்த ஊர். வயதைக் கூட்டிச் சொன்னால் விலையும் கூடும் என்பது தரகர் கணக்கு.

அடுத்தது குழிக் கணக்கு. புதுச்சேரியில் ஒரு குழி என்றால் 576 சதுர அடி. தஞ்சாவூர்ப் பக்கம் அதே குழி 144 சதுர அடிதான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பத்திரத்தில் ஆர் (100 சதுர மீட்டர்), சென்டியார் (ஒரு சதுர மீட்டர்) என்று பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன அளவு இருக்கும். ஒரு குழி சுமார் 53.5 சென்டியார். சர்வேயரை வைத்து அளக்கும்போது, தெருவோரத் தாழ்வாரம் பத்திர அளவுக்குள் வருகிறதா, வெளியே நிற்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால் அதையும் எழுத்தில் பாருங்கள்.

வீட்டுக்குள் போனதும் எல்லோரும் தேக்குத் தூணைத் தடவிப் பார்க்கிறார்கள். தூணுக்கு ஒன்றும் ஆகாது, நிமிர்ந்து கூரையைப் பாருங்கள். மெட்ராஸ் டெரஸ் என்பது மரக்கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்பில் குத்தி நிறுத்திய தளம். கட்டையின் நடுப்பகுதி நன்றாகத்தான் இருக்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான் மழைநீர் இறங்கி உளுத்துப்போகும், கரையான் பிடிக்கும். ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு முனையையும் தட்டிக் கேட்க வேண்டும். சுண்ணாம்புச் சுவருக்கு மேல் யாராவது சிமெண்ட் பூசியிருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று, காரை உப்புப் பூத்து உதிரும். புதிதாக வண்ணம் அடித்த வீட்டைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். நவம்பர் 2014 மழையில் கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடமே, அதாவது பழைய நகராட்சிக் கட்டடமே, இடிந்து விழுந்தது. அரசுக் கட்டடத்துக்கே அந்தக் கதி. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பார், ஆனால் அவருக்காக நீங்கள்தான் காத்திருக்க வேண்டும்.

சரி, இனிதான் முக்கியமான விஷயம். 1962 ஆகஸ்ட் 16 அன்று பிரான்சுடனான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து, புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்ற வாய்ப்பு இருந்தது. சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்கள்) குடும்பங்கள் உட்படப் பலர் அப்படி வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று பாரிஸ் பக்கம் இருக்கிறார்கள். தாத்தா உயில் எழுதவில்லை, பாகப்பிரிவினையும் நடக்கவில்லை. வாசலில் சாவியோடு நிற்பவர் ஒரே ஒரு வாரிசு. மற்றவர்கள் எங்கே?

அவர் காட்டுவது மற்ற வாரிசுகள் பிரான்சில் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரமாக (பவர் ஆஃப் அட்டர்னி) இருக்கலாம். அப்படியானால் இந்தியத் தூதரகத்தின் சான்றோ, ஒரு நாட்டுப் பத்திரம் இன்னொரு நாட்டில் செல்லுவதற்கான அப்போஸ்டில் முத்திரையோ இருக்கிறதா, இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். மூலப்பத்திரம் பிரெஞ்சில் இருந்தால் தரகரின் வாய்மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு முன்பணம் கொடுக்காதீர்கள். சொத்துரிமை விதியும் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1963-இல்தான் இங்கே வந்தது. தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற குடும்பங்களும் இருக்கின்றன. எனவே இந்த ஊர் வழக்கறிஞரையே பிடியுங்கள். சென்னையில் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அவருக்கு இது புதிய பாடம்.

வரியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. விற்பவர் இந்தியாவில் வசிப்பவராக இருந்து, விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், நீங்கள் ஒரு சதவீதம் பிடித்து வருமானவரித் துறைக்குக் கட்ட வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் பிடிக்க வேண்டிய விகிதம் பல மடங்கு அதிகம். குறைத்துப் பிடிக்கலாம் என்று அவர் துறையிடம் சான்று வாங்கி வந்தால் மட்டுமே குறைக்கலாம். பிடிக்காமல் விட்டால் துறை உங்களைத்தான் தேடி வரும், பாரிஸுக்குப் போகாது.

விற்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கூரை விழட்டும், மனையாக விற்கலாம் என்று சிலர் பூட்டிப் போடுகிறார்கள். எனக்கு அது அறவே பிடிக்கவில்லை. விடுதியாக்குகிறார்கள் என்று திட்டுகிறோமே, அந்த விடுதிக்காரர்கள் கூரையையாவது காப்பாற்றுகிறார்கள்.

கடைசியாக, பலர் கேட்ட கேள்வி. "ஐந்து வாரிசுகளில் ஒருவர் மட்டும் தன் பங்கைக் குறைந்த விலைக்குத் தருகிறார், வாங்கிப் போடலாமா?" வேண்டாம். பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் வெளியாள் ஒரு பங்கை வாங்கினால், மற்றவர்களோடு சேர்ந்து குடியிருக்கும் உரிமை அவருக்குக் கிடையாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பணம் கொடுத்த பிறகும் நீங்கள் திண்ணையோடு நிற்க வேண்டியதுதான், அடுத்த படி நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கு.