402 மீட்டர் ஓட எவ்வளவு ஆகும்?

வணக்கம் நேயர்களே. தக்கலையில் நான் டூவீலர் வொர்க் ஷாப் வைத்து 19 வருஷம் ஆகிறது. வாரத்துக்கு ஒரு பையனாவது வந்து, "அண்ணா, டிராக் ரேஸ் ஓட்ட எவ்வளவு செலவாகும்?" என்று கேட்டுவிடுவான். ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. வானொலியில் பேசக் கூப்பிட்டதும் இதைத்தான் பேசணும் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. டிராக் ரேஸில் வளைவே கிடையாது. நேர் ரோடு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வண்டி, நின்ற நிலையில் இருந்து புறப்படணும், கால் மைல், அதாவது 402 மீட்டர், யார் முதலில் தாண்டுகிறாரோ அவர் ஜெயித்தார். சில இடத்தில் இதில் பாதி தூரம்தான். ஒரு ஓட்டம் அரை நிமிஷம்கூட நீடிக்காது. மோட்டார் பந்தயங்களிலேயே ஏழை வீட்டுப் பையனும் எட்டிப் பிடிக்கக்கூடியது இதுதான் என்று நான் நம்புகிறேன். ஆனால் பணத்தை எதில் முதலில் போடுவது என்பதில்தான் எல்லாரும் தப்பு பண்ணுகிறார்கள், நானும் பண்ணினேன்.

எனக்கு அப்போது 23 வயசு. யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் ஒன்று வைத்திருந்தேன். 1996-லேயே அந்த வண்டி உற்பத்தி நின்றுபோச்சு, இன்றைக்கு நல்ல கண்டிஷனில் ஒன்று கேட்டால் லட்சத்துக்கு மேல் சொல்கிறார்கள், அது வேறு கதை. சீட்டுப் பணம் 31,000 ரூபாய் கைக்கு வந்ததும் போர்ட்டிங், அதாவது என்ஜின் துளைகளைச் செதுக்குகிற வேலை, பெட்ரோலையும் காற்றையும் கலக்குகிற கார்புரேட்டர் பெரிசாக ஒன்று, சேம்பர் சைலன்சர் என்று முழுசையும் என்ஜினிலேயே கொட்டினேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் திடலில் இரண்டாவது ஓட்டத்தில், பாதி தூரம் தாண்டும்போது பிஸ்டன் பிடித்துக்கொண்டது. கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற ஜெட் துளை சின்னதாக இருந்ததால் பெட்ரோல் போதாமல் சூடேறி சீஸ் ஆகிவிட்டது. பின்சக்கரம் அப்படியே லாக் ஆகி நான் கீழே போனேன். போட்டிருந்தது இரவல் ஜாக்கெட், தோள்பட்டையில் தையல் விட்டிருந்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கு. மொத்தமாக அன்றைக்கு நான் வண்டி ஓட்டியது 40 விநாடிக்குள்தான்.

அதனால் முதல் பணம் உடம்புக்குப் போடுங்கள். முகம் முழுக்க மூடுகிற நல்ல ஹெல்மெட், தோல் சூட், கையுறை, கணுக்காலை மூடுகிற பூட்ஸ், முதுகைக் காக்கிற கார்டு. சூட் புதுசு வாங்கக் கட்டுப்படியாகாது என்றால், ஓட்டுவதை விட்டுவிட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நான் இரண்டாவது சூட் அப்படித்தான் 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். தையலைப் புரட்டிப் பார்த்து வாங்கணும். ஹெல்மெட் மட்டும் பழசு வேண்டவே வேண்டாம், ஒரு தடவை கீழே விழுந்திருந்தால்கூட வெளியே தெரியாது.

அடுத்த பெரிய செலவு தூரம். நாகர்கோவிலில் இருந்து சென்னை கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர். மதுரைக்காரனுக்கு இதில் மூன்றில் இரண்டு பங்குதான். கோயம்புத்தூர்க்காரனுக்கு செட்டிப்பாளையத்திலேயே கரி ஸ்பீட்வே இருக்கு, நமக்குத்தான் எல்லாமே தூரம். ரயிலில் பார்சல் போடலாம், டேங்க்கில் சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் வடித்து, சாக்கு சுற்றி, ஆர்சி நகலோடு கொடுக்கணும். ஆனால் போட்டி நாளுக்குள் வண்டி வந்து சேருமா என்று நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். கடைசியாக நாங்கள் போனபோது பிக்கப் வண்டி பிடித்தோம், போக வர 28,000, நாலு பேர் பங்கு போட்டதில் ஆளுக்கு 7,000. தனியாகக் கிளம்பாதீர்கள், நாலு பேர் சேருங்கள் மக்கா! இதோடு மோட்டார் ஸ்போர்ட்ஸ் சம்மேளனத்தின் லைசென்ஸ், மருத்துவச் சான்று, நுழைவுக் கட்டணம் எல்லாம் இருக்கு. பணம் கட்டுகிறதுக்கு முன்னால் அந்த வருஷத்து விதிப்புத்தகத்தை வாசித்துவிடுங்கள், எந்த சிசி பிரிவில் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று அதில் இருக்கும்.

சரி, காசே ஆகாத ஒன்றைச் சொல்கிறேன். டிராக் ரேஸில் விளக்குக் கம்பம் ஒன்று நிற்கும், அதற்கு கிறிஸ்துமஸ் ட்ரீ என்றுதான் பெயர். மஞ்சள் எரிந்து பச்சை வரும், முந்திக் கிளம்பினால் சிவப்பு. உங்கள் முன்சக்கரம் கோட்டை விட்டு நகர்ந்த பிறகுதான் உங்கள் ஓட்ட நேரம் எண்ணப்படும், பச்சை வந்ததும் நீங்கள் யோசித்துக்கொண்டு நின்ற நேரம் தனி. ஒருத்தன் 13.2 விநாடியில் ஓடுகிறான், ஆனால் கிளம்ப 0.6 எடுத்துக்கொள்கிறான், கூட்டினால் 13.8. பக்கத்தில் நிற்பவன் வண்டி கொஞ்சம் மெதுவு, 13.4 ஆகிறது, ஆனால் 0.2-இல் கிளம்பிவிட்டான், 13.6. மெதுவான வண்டி ஜெயித்தது! அந்த 0.4 விநாடியை என்ஜினில் வாங்கணும் என்றால் எத்தனை ஆயிரம் ஆகும் தெரியுமா? கிளட்சைப் பாதி பிடித்து விடுகிற பழக்கத்தை ஒரு மைதானத்தில் மூன்று மாதம் பழகினால் போதும்.

மைதானத்தில் என்றுதான் சொன்னேன். காவல்கிணறு நாலுவழிச் சாலையில் ராத்திரி 11 மணிக்குப் போய்ப் பழகுகிறவர்களை எனக்குத் தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கிற காற்று ஆடி மாசம் லாரியையே ஆட்டும், 110 கிலோ வண்டி என்ன ஆகும்? ரோட்டில் ரேஸ் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மாட்டினால் ஒரு வருஷம் வரை, 10,000. பதினெட்டு வயசு ஆகாத பையன் வண்டி எடுத்துக் குற்றத்தில் மாட்டினால் அப்பாவுக்கு மூன்று வருஷம் வரை சிறை, 25,000 அபராதம், பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்த இரண்டு வீட்டில் போட்டோவுக்கு மாலை தொங்குகிறது.

பிறகு எங்கேதான் ஓட்டுவது என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 1950-ல் இந்த விளையாட்டை ரோட்டில் இருந்து சாண்டா அனா விமான ஓடுதளத்துக்குக் கூட்டிப் போனார்கள். நம்ம சோழவரத்திலும் அப்படித்தான், போர்க்காலத்து ஓடுதளத்தில்தான் சென்னைக்காரர்கள் பல வருஷம் ரேஸ் நடத்தினார்கள், இருங்காட்டுக்கோட்டை பந்தயத் திடல் அதற்கு அப்புறம் வந்தது. நம் தென்கோடியில் கயத்தாறு பக்கம் பழைய ஓடுதளம் ஒன்று இருக்கு. வருஷத்துக்கு இரண்டே இரண்டு ஞாயிற்றுக்கிழமை, முறையாக அனுமதி வாங்கி, ஆம்புலன்ஸ் நிறுத்தி அங்கே ஓட விட்டால் நம் பையன்களுக்கு 700 கிலோமீட்டர் ஏறக்குறைய நூறாகச் சுருங்கும். அமெரிக்காவில் இன்னொரு முறையும் இருக்கு. என் வண்டி இத்தனை விநாடியில் ஓடும் என்று முன்கூட்டியே நீங்கள் எழுதிக் கொடுக்கணும், மெதுவான வண்டிக்கு அந்த வித்தியாசம் அளவுக்கு முன்னால் பச்சை விழும், சொன்னதைவிட வேகமாக ஓடினால் நீங்கள் அவுட். அதில் வேலைக்குப் போகிற ஸ்பிளெண்டரும் பெரிய வண்டியும் சமமாக நிற்கலாம். நம்ம ஊரில் பெரும்பாலும் சிசி பிரிவுதான், இந்த முறையையும் சேர்த்து நடத்தச் சொல்லி கிளப்களிடம் கேட்கணும் என்பது என் ஆசை.

போன மாசம் குலசேகரத்தில் இருந்து ஒரு பொண்ணு அப்பாவோடு கடைக்கு வந்தாள். அவர் ரப்பர் பால் வெட்டுகிறவர். "பொம்பளைப் பிள்ளைக்கு இது சரியாகுமா?" என்று கேட்டார். பதினொரு குதிரைத்திறன் வண்டியில் 48 கிலோ ஆள் உட்காருவதற்கும் 75 கிலோ ஆள் உட்காருவதற்கும் உள்ள வித்தியாசத்தை என்ஜினில் கொண்டுவர நிறையச் செலவாகும் அண்ணாச்சி என்றேன். அடுத்த போட்டியை முதலில் இரண்டு பேரும் ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று சொல்லியிருக்கேன், ஹெல்மெட்டுக்குக் காசு சேர்க்கிறாள். வண்டி என் கடையில்தான் நிற்கிறது. செயினை இழுக்கிற முன் பல்சக்கரத்தில், அதாவது ஸ்பிராக்கெட்டில், ஒரு பல் குறைத்திருக்கேன், புறப்படும்போது இழுவை கூடும், கடைசி வேகம் கொஞ்சம் குறையும். இப்போதைக்கு அவள் வண்டிக்கு ஆன செலவு 350 ரூபாய்.